ஸ்பிரிங்பீல்டில் கண்ட மாதிரி

அமெரிக்கப் பிரயாணம் என்றவுடன் நயாகரா நீர்வீழ்ச்சியையும் நியூயார்க் நகரத்து வானளாவிய மாளிகைகளையும் எதிர்பார்க்கும் நேயர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். கோடை விடுமுறையில் தமக்கை மகன் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தபோது, அவ்விரண்டையும் நாம் பார்க்கத்தான் பார்த்தோம். ஆயினும் ஊர் திரும்பிய பிறகு அடிக்கடி மனக்கண் முன் வந்து நிற்பவை வேறு இரண்டு. ஒன்று, ஒரு பழைய கடைசல் யந்திரத்தில் பூட்டியிருந்த இரும்புக் கட்டை. மற்றொன்று, ஒரு தச்சுப் பட்டறையில் பிசின் வார்த்துச் செய்த சிறு பலகை. ஓர் உபாத்தியாயருக்கு அவற்றில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அதைச் சொல்லுவதற்கே இக்கட்டுரை.

மாஸ்ஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், போஸ்டன் நகருக்கு மேற்கே சுமார் 90 மைல் தூரத்தில், கனெக்டிகட் நதிக்கரையில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரம் இருக்கிறது. நகரை நோக்கியிருக்கும் மேட்டில் செங்கல் கட்டிடங்கள் வரிசையாகத் தென்படுகின்றன. 1794-ஆம் ஆண்டு அமெரிக்க சர்க்கார் நிறுவிய ஆயுதசாலை அது. 1968-ல் அதை மூடிவிட்டார்கள். இப்பொழுது ஒரு பகுதி கல்லூரியாகவும், மற்றொரு பகுதி தேசியப் பூங்கா இலாகாவினரின் பொருட்காட்சிசாலையாகவும் விளங்குகின்றன. நிலத்திலிருந்து கூரையை நோக்கி அடுக்கடுக்காக நிறுத்திய துப்பாக்கிகளின் பெருஞ்சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. 1843-ல் புதுமணத் தம்பதியாக இந்த ஆயுதசாலைக்கு வந்த கவி லாங்பெல்லோவும் அவர் மனைவியாரும் இத்தகைய வரிசைகளைக் கண்டு கலங்கினார்கள். பிற்பாடு யுத்தத்தை வெறுத்து அவர் ஒரு கவிதை இயற்றினார். நாமும் அதன் எதிரே சிறிது நேரம் பேச்சற்று நின்றோம்.

“மாமா, இதைவிட முக்கியமானது அந்தப் பக்கம் இருக்கிறது” என்று மருமான் நம்மை அழைத்துச் சென்றான். அங்கே நின்றது தாமஸ் பிளாஞ்சர்டு என்பவரின் கடைசல் யந்திரம். 1822-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது.

பிளாஞ்சர்டு அதே மாகாணத்தில், ஸட்டன் என்னும் ஊரில் 1788-ல் பிறந்தவர். மில்பரி என்ற பக்கத்து ஊரில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில், குழலைக் கடைவதற்கு அவர் ஒரு யந்திரம் அமைத்துக் கொடுத்தார். அப்பொழுது அங்கிருந்த மரவேலைக்காரர் ஒருவர், “என் தொழிலை உம்மால் கெடுக்க முடியாது, துப்பாக்கிக் கட்டையை யந்திரத்தில் கடைய உம்மால் ஆகாது” என்று சிரித்தாராம். அதுவே வித்தாக விழுந்தது என்று கதை சொல்லுகிறார்கள். கதை எப்படியிருப்பினும், 1819-ல் அவர் தமது யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார் என்பது சரித்திரம்.

மரவேலைக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசல் என்றால் உருண்டை என்பதுதான் அதுவரை உலகம் அறிந்தது. தொட்டில் கால், பம்பரம், சப்பாத்திக் குழவி எல்லாம் உருண்டை. துப்பாக்கியின் மரக்கட்டையோ ஓரிடத்தில் தட்டை, ஓரிடத்தில் வளைவு, ஓரிடத்தில் பருமன், ஓரிடத்தில் மெலிவு. உளியும் இழைப்புளியும் கொண்டு கையால் செதுக்கினால், தேர்ந்த தொழிலாளிக்கும் ஒரு கட்டையிலேயே பொழுதின் பெரும்பகுதி போய்விடும்.

பிளாஞ்சர்டு கண்ட யுக்தியை விளங்கிக்கொள்ள நம் ஊர்க் கடைத்தெருவே போதும். முச்சந்தியில் சாவி செய்பவரின் சிறு யந்திரத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பழைய சாவியை ஒரு பிடியிலும், பல் வெட்டாத புதுச் சாவியை மற்றொரு பிடியிலும் இறுக்குகிறார். பழைய சாவியின் பற்கள் ஒரு முனையின்மேல் ஏறி இறங்க, பக்கத்தில் சுழலும் வெட்டுச் சக்கரம் புதுச் சாவியில் அதே மேடு பள்ளங்களை வெட்டிவிடுகிறது. பிளாஞ்சர்டின் யந்திரத்திலும் ஊசலாடும் சட்டம் ஒன்றில் மாதிரிக் கட்டையும், உருவம் பெற வேண்டிய மரமும் பூட்டப்பெற்று ஒரே கதியில் சுழல்கின்றன. மாதிரியைத் தடவிக்கொண்டே செல்கிறது ஒரு சக்கரம். மரத்தை வெட்டிக்கொண்டே செல்கிறது அதே அளவுள்ள மற்றொரு சக்கரம். மாதிரியில் மேடு வந்தால் சட்டம் விலகுகிறது. பள்ளம் வந்தால் நெருங்குகிறது. ஒரு சுற்று, மறு சுற்று என்று சக்கரங்கள் நுனிவரை நகர்ந்து முடிக்கும்போது, மரம் மாதிரியின் பிரதியாகிவிடுகிறது. 1850-களின் முற்பகுதியில் இங்கு வந்த ஆங்கில நிபுணர் ஜோஸப் விட்வொர்த், பல யந்திரங்கள் வழியே ஒரு கட்டை முடிவதற்குச் சுமார் 22 நிமிஷமே ஆவதைக் கண்டு வியந்து எழுதினார். விரைவில் பிரிட்டிஷ் சர்க்கார், ஸ்பிரிங்பீல்டை அடுத்த சிக்கோபியிலுள்ள கம்பெனி ஒன்றில் இத்தகைய யந்திரங்களை வாங்கி, என்பீல்டு தொழிற்சாலையில் நிறுவியது. அந்த என்பீல்டின் பெயரைத் தாங்கிய துப்பாக்கியின் தோட்டாதான் நம் நாட்டில் 1857-ஆம் வருஷத்துப் புரட்சிக்குத் தீப்பொறியாயிற்று என்பதை எண்ணியபோது, இந்த மேட்டுக்கும் நமக்கும் உள்ள தூரம் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றியது.

“மாதிரி ஏன் இரும்பில் இருக்கிறது? மரத்திலேயே ஒன்று செய்து பூட்டினால் ஆகாதா?” என்று அங்கிருந்த உத்தியோகஸ்தரைக் கேட்டோம்.

அவர் சொன்னார்: “ஆகும். ஆயினும் ஆயிரக்கணக்கான தடவை ஒரு சக்கரம் அதை அழுத்திக்கொண்டு ஓடும் அல்லவா? மரம் தேயும். மாதிரி தேய்ந்தால், அதற்குப் பின் வரும் கட்டைகள் எல்லாம் தேய்ந்தே பிறக்கும். யந்திரம் மாதிரியைச் சந்தேகிப்பதில்லை.”

அந்தக் கடைசி வாக்கியம் நம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. காரணத்தை நேயர்களிடம் மறைப்பதற்கில்லை.

நாம் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் போதிப்பவர். தேசப்படம் வரையப் பையன்கள் படும் பாட்டைக் கண்டு, பத்து வருஷங்களுக்கு முன் தடித்த அட்டையில் இந்தியாவின் உருவத்தை நாமே வெட்டி வைத்தோம். பிள்ளைகள் அதை நோட்டின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடிழுப்பார்கள். சென்ற வருஷம் ஒரு நாள், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் படத்தைத் திருத்தும்போது, தென்கிழக்கே நீண்டிருக்க வேண்டிய இராமேசுவர முனையையே காணோம். தனுஷ்கோடிக்கு அவன் வைத்த புள்ளி நடுக்கடலில் கிடந்தது. நாம் மதிப்பெண்ணைக் குறைத்ததோடு நில்லாமல், “தேசத்தின் உருவமே தெரியாதவன் தேசத்துக்கு என்ன செய்யப் போகிறாய்?” என்று வகுப்பறிய இடித்துரைத்துவிட்டோம். பையன் தலைகுனிந்து நின்றானே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை மற்ற நோட்டுகளைப் புரட்டினால், நாற்பதிலும் இராமேசுவரம் இல்லை. கத்தியவாரும் மழுங்கிக் கிடந்தது! அட்டையை எடுத்துப் பூகோளப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். பத்து வருஷத்துப் பென்சில்கள் அதன் விளிம்பைத் தின்றுவிட்டிருந்தன. மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தோம். சொன்ன சொல்லைத் திருத்திக் கொடுக்க முடியவில்லை.

இதை மருமானிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. “நாளைக்கு உங்களை ஓரிடத்துக்கு அழைத்துப் போகிறேன், மாமா” என்றான்.

அவன் அழைத்துச் சென்றது சில மைல் தூரத்தில் ஒரு சிற்றூரிலுள்ள மரப்பட்டறைக்கு. பிளாஞ்சர்டின் யந்திரம் துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. பாதரட்சை தைக்கும் கால்கட்டை, கோடரிக் காம்பு, வண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால் என்று வீட்டுச் சாமான்களுக்கும் அது பரவிற்று. அதன் வழிவந்த யந்திரம் ஒன்றில் அங்கே நாற்காலிக் கால்களைக் கடைகிறார்கள். இங்கே மாதிரி முழு உருவமல்ல, தட்டையான பலகை. அதன் விளிம்பை ஒரு விரல் தடவிச் செல்ல, உளி அதே வளைவை மரத்தில் இறக்குகிறது. பட்டறைக்காரர் எழுபது வயதுக் கிழவர். நல்ல வேளையாக அன்றுதான் புதிய மாதிரி ஒன்று வார்க்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

“ஒட்டுப்பலகையில் வெட்டிய மாதிரி ஈரத்தில் ஊதும், உராய்வில் தேயும். முழுதும் எஃகில் வெட்டினால் செலவு தாங்காது. தேய்வது விளிம்பு மட்டுமே; ஆகவே விளிம்புக்கு மட்டும் உலோகம் போதும்” என்றார் அவர்.

அவர் செய்த முறையைச் சொல்லுகிறோம். முதலில் மரத்தில் பிழையில்லாத மூல வடிவம் ஒன்றை அராவி எடுத்தார். அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி இறுகவிட்டு, மூலத்தை மெல்ல எடுத்துவிட்டால், அதன் பள்ளம் அச்சாக நிற்கிறது. அச்சு உலர்ந்ததும் உள்ளே மெழுகு பூசினார். மெழுகில்லாவிட்டால் பிசின் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மெல்லிய எஃகுப் பட்டையைச் சூடாக்கி இளக்கி, அச்சின் சுவரோடு சுவராக வளைத்துப் பதித்தார். பட்டையின் வெளிமுகம் சுவரைத் தொட்டால்தான் மாதிரியின் அளவு மூலத்தின் அளவாக வரும். உள்முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். அங்கங்கே துளையிட்டு, சிறு காதுகளை உட்புறம் மடக்கி வைத்தார். பிசின் பிடித்துக்கொள்ள வேண்டியது அவற்றைத்தான்.

பிசின் என்பது எபாக்ஸி. இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுவது. அதில் உலோகத் தூளைக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று தடவையாக வார்த்தார். “ஒரேயடியாக ஊற்றினால் தன் சூட்டிலேயே வெந்து விரிசல் விடும், அவசரக்காரனுக்கு இந்த வேலை லாயக்கில்லை” என்றார். யந்திரத்தில் எப்பொழுதும் ஒரே இடத்தில் உட்காருவதற்காக, ஆணி புகும் இரண்டு துளைகளுக்கும் உலோகக் குழல் வைத்து வார்த்தார். இன்னொரு சங்கதியும் சொன்னார்: மாதிரியிலுள்ள உள்வளைவு, தடவிச் செல்லும் விரலின் முனையைவிடக் குறுகலாயிருந்தால், விரல் அதற்குள் நுழையாது, நுழையாத இடத்தை யந்திரம் பிரதி செய்யாது.

மறுநாள் மாலை போனபோது மாதிரி இறுகியிருந்தது. அச்சை உடைத்து எடுத்தார். கரிய பிசினைச் சுற்றி எஃகு விளிம்பு பளபளத்தது. முதல் கால் கடைந்தாயிற்று. ஆனால் அவர் அதை அளக்கவில்லை. வேலை பழகும் இளைஞனைக் கூப்பிட்டு அளவுகோலை அவன் கையில் கொடுத்தார்.

“தாங்கள் ஏன் அளக்கவில்லை?” என்று கேட்டோம்.

“செய்தவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. முதல் பிரதியை வேறொருவன்தான் அளக்க வேண்டும், பிழை இருந்தால் பயப்படாமல் சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும்” என்றார் கிழவர்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, பூகோளப் படத்திலிருந்து உருவத்தைப் பலகையில் ஒற்றி, ஆசாரியைக்கொண்டு அறுத்து, நாமே அராவினோம். வன்சாமான் கடையில் எபாக்ஸியும் பிளாஸ்டரும் கிடைத்தன. எஃகுக்குப் பதிலாகப் பித்தளைப் பட்டை. முதல் முயற்சியில் மெழுகைச் சரியாகப் பூசாமல் அச்சோடு ஒட்டிப் பாழாயிற்று. இரண்டாவது முயற்சி பலித்தது. இராமேசுவர முனைக்குப் பட்டை வளையாததால், சிறு பித்தளைத் துண்டு ஒன்றை வெட்டி, பாத்திரங்களுக்குப் பற்றவைக்கும் கடையில் கொடுத்து ஈயப்பற்று வைத்துக்கொண்டோம். மூலப் பலகையை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். புழங்குவதற்குப் பிரதி, ஒப்பிடுவதற்கு மூலம்.

அந்தப் பையன் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அவனை அழைத்து, மாதிரியையும் பூகோளப் படத்தையும் எதிரே வைத்து, “முதல் படத்தை நீதான் வரைய வேண்டும், பிழை இருந்தால் சொல்” என்றோம். அவன் நிதானமாகக் கோடிழுத்து, படத்தோடு ஒப்பிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இராமேசுவரம் சரியாக இருக்கிறது, சார்” என்றான். பிறகு சற்றுத் தயங்கி, “கட்ச் பக்கம் மட்டும் கொஞ்சம் மழுங்கல்” என்று விரலால் தொட்டுக் காட்டினான்.

நாம் குனிந்து பார்த்தோம். மழுங்கல்தான். அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பையன் பலகையைப் பிடித்துக்கொண்டான்.