எண்கள் தீர்ந்துபோன டிஸ்க்

பெரிய ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மாட்டினால் இடம் தானாக வந்துவிடாது. அந்த இடத்தை எண்ணத் தெரிந்த ஃபைல் சிஸ்டம் வேண்டும்.

லினக்ஸின் எக்ஸ்ட்3 ஃபைல் சிஸ்டம், டிஸ்க்கின் சிறு அலகான ஒவ்வொரு பிளாக்குக்கும் 32 பிட் எண் தந்தது. 4 கேபி பிளாக் என்றால் 16 டெராபைட்டோடு எண்கள் தீர்ந்துவிடும். 2008 டிசம்பரில் கெர்னல் 2.6.28-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 அதை 48 பிட்டாக்கியது. எல்லை 1 எக்ஸாபைட்டுக்குப் போனது. (எஸ்ஜிஐ நிறுவனத்தின் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் 1990களிலேயே 64 பிட்டில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. எக்ஸ்ட்3 ஒரு ஃபைலின் ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகக் குறித்து வைக்கும். எக்ஸ்ட்4 'இங்கே தொடங்கி இத்தனை பிளாக்' என்று ஒரே குறிப்பில் முடித்துவிடும். அதில் 128 எம்பி வரை அடங்கும். டிஸ்க்கைச் சரிபார்க்கும்போது, பயன்படுத்தாத ஐநோடுகளை (ஃபைல்களின் விவரக் குறிப்புகளுக்கான இடங்களை) தாண்டிப் போகவும் எக்ஸ்ட்4 வழி செய்தது. பெரிய டிஸ்க்கின் சோதனை முடிய மணிக்கணக்கில் காத்திருந்த சர்வர் நிர்வாகிகளுக்கு இதன் அருமை தெரியும்.

பழைய எக்ஸ்ட்3 டிஸ்க்கை அழிக்காமலே எக்ஸ்ட்4 ஆக மவுண்ட் செய்யலாம். அடுத்தவர் தரவின்மேல் இவ்வளவு அக்கறை வைத்ததற்காகவே எக்ஸ்ட்4-இன் பராமரிப்பாளர் தியோடர் ஸோவையும் அவரோடு உழைத்தவர்களையும் மனதார மதிக்கிறேன்.