தரையில் பதித்த ஆட்டுக்கல்

அறிவுரை கூறுவது எனக்கு எளிதாகக் கைவந்த செயல். பல ஆண்டுகளாகப் பங்குகளில் பணியாற்றுகிறவனுக்கு அது ஏறக்குறைய அன்றாட அலுவலாகிவிடுகிறது. கேட்பவர்கள் தலையசைத்துச் செல்கிறார்கள். அதன் பின் அவர்கள் இல்லத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அறியும் வாய்ப்பு பெரும்பாலும் நமக்குக் கிட்டுவதில்லை. 2025 நவம்பரில் எனக்கு அந்த வாய்ப்பு கிட்டியது. அது இனிமையானதாக இருக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பெண் இருக்கிறார். நகரத்திலுள்ள கணக்காயர் அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். தந்தை பக்கவாதத்தில் வீழ்ந்தபின், அவரைக் கவனிப்பதற்காக ஊருக்கே திரும்பிவிட்டார். வேலையை விடவில்லை. தம் சொந்த மடிக்கணினியைக் கொண்டு, வீட்டிலிருந்தபடியே அலுவலகத்தின் கணக்குகளைப் பார்த்துவந்தார். அந்தச் சம்பளத்தில்தான் தந்தையின் மருந்தும் தம்பியின் படிப்பும் நடந்தன.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. இதைப் படித்த ஆர்வத்தில், காண்போரிடமெல்லாம் அதைச் சொல்லிவந்தேன். அந்தப் பெண்ணிடமும், “பிறருடைய பணக் கணக்கை வைத்திருக்கிறாய் அம்மா, பழையதிலேயே இருக்காதே” என்று இருமுறை வற்புறுத்தினேன். நவம்பர் 16, ஞாயிறு மாலை அவர் விண்டோஸ் 11க்கு மாறினார். திங்கள் காலை அலுவலகத்தோடு இணைப்பு கிடைக்கவில்லை.

அவசரம் என்னவென்றால், முந்திய மாதத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர். 3பி படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர்கள் 20ஆம் நாளுக்குள் அதை முடித்தாக வேண்டும். தவறினால் வரி செலுத்த வேண்டிய படிவத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், அதற்குமேல் வட்டியும் உண்டு. அவர் பொறுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட வணிகர்கள் இருந்தனர். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாட்டை அலுவலகம் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டிருந்தது.

“சாமி, கொஞ்சம் வந்து பாருங்க” என்று மட்டுமே தொலைபேசியில் சொன்னார். “நீங்கள் சொன்னதால்தான் மாற்றினேன்” என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வி.பி.என். என்று வழங்கப்படும் மெய்நிகர் தனி வலையமைப்பைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். அலுவலகத்தின் கணக்குப் பேழை தெருவைப் பார்த்துத் திறந்திருப்பதில்லை. வீட்டுக் கணினியிலுள்ள மென்பொருள் அலுவலக வாசலில் தன்னை அடையாளங்காட்டுகிறது. இரு முனைகளும் தமக்குள் ஒரு மறைகுறியை உடன்பட்டுக்கொள்கின்றன. அதன் பிறகு, பொது இணையத்தின் ஊடாகவே, பிறர் படிக்க இயலாத ஒரு சுரங்கப்பாதையில் செய்திகள் செல்கின்றன. இதற்காக அந்த மென்பொருள், கணினிக்குள் இல்லாத ஒரு வலையட்டையை இருப்பதுபோல் உருவாக்கிவைக்கிறது. மெய்நிகர் அடாப்டர் என்பது அதன் பெயர்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இயங்குதளத்தை மாற்றுவது, குடியிருக்கும் வீட்டின் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதைப் போன்றது. கட்டிலையும் பீரோவையும் வெளியே வைத்து மீண்டும் உள்ளே கொண்டுவந்து போட்டுவிடலாம். தரையோடு தரையாகப் பதித்துவைத்த ஆட்டுக்கல்லை அப்படிச் செய்ய இயலாது. எழுத்தும் கணக்கும் செய்யும் மென்பொருள்கள் கட்டிலைப் போன்றவை. வி.பி.என். ஆட்டுக்கல்லைப் போன்றது. அதன் இயக்கி இயங்குதளத்தின் ஆழத்தில் பதிந்திருப்பதால், தரை மாறும்போது முதலில் பெயர்வது அதுவே.

நான் சென்றபோது அவர் கணினியை நான்கு முறை அணைத்துப் போட்டிருந்தார். கடவுச்சொல்லைப் பலமுறை தட்டியிருந்தார். இணைய நிறுவனத்துக்குப் புகாரும் கொடுத்தாகிவிட்டது. “பிழை என்று திரையில் என்ன வருகிறது?” என்று கேட்டேன். “தெரியவில்லை சாமி, வந்தவுடனே மூடிவிடுகிறேன்” என்றார். அச்சம் நம்மைச் செய்ய வைப்பது இதைத்தான். நோயின் பெயரைப் படிக்காமலே சீட்டை மடித்துவைத்துவிடுகிறோம்.

அந்தச் செய்தியை மூடாமல் முழுவதும் படித்து ஒரு தாளில் எழுதினோம். மெய்நிகர் அடாப்டரைத் தொடங்க இயலவில்லை என்பதே அதன் பொருள். கடவுச்சொல்லைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தோம். இணையத்தில் வேறு பக்கங்கள் தடையின்றித் திறந்தன. வீட்டு இணைப்பை விட்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக முயன்றபோதும் அதே செய்தி வந்தது. ஆகவே இணைய நிறுவனம் குற்றமற்றது. அலுவலகத்தை அழைத்தோம். அங்கே கணினிகளைப் பராமரிக்கும் இளைஞர், “மற்றவர்கள் எல்லோரும் இணைந்திருக்கிறார்கள், எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்றார். நாங்களும் அதுவரை எங்கள் பக்கம் சரியாக இருப்பதாகவே எண்ணியிருந்தோம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது, அடாப்டரின் பெயருக்கருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருந்தது. மென்பொருள் மிகப் பழைய பதிப்பு. புதிய தரை அதன் இயக்கியை ஏற்கவில்லை.

அண்டை வீட்டு மாணவன் ஒருவன் உதவிக்கு வந்தான். விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி என்றொரு காப்பு உண்டு. பொருந்தாத இயக்கிகளை அது உள்ளே விடாது. அதையும் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டால் வேலை நடக்கும் என்றான். நடந்திருக்கவும் கூடும். ஆனால் பாதுகாப்புக்காக மாறச்சொல்லிவிட்டு, மாறிய கையோடு காவலாளியை வெளியேற்றுவது எப்படி நியாயமாகும்? முகமறியாத தளமொன்றிலிருந்து புதிய பதிப்பை இறக்கலாம் என்ற யோசனையையும் மறுத்தோம். அலுவலகத்துக்குள் நுழையும் திறவுகோலை வழிப்போக்கனிடம் வாங்கக் கூடாது. விண்டோஸில் வழக்கமாக 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி உண்டு. புதன் மாலைக்குள் முடியாவிட்டால் அதைக் கைக்கொள்வது என்று முடிவு செய்தோம். திரும்பும் வழி ஒன்று இருக்கிறது என்றறிந்ததும் அவர் முகத்தில் சற்று ஒளி வந்தது.

செவ்வாயன்று அலுவலக இளைஞரே புதிய பதிப்பை அனுப்பினார். இணைப்பு விவரக் கோப்பை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்தினோம். பழைய மென்பொருளை முற்றிலும் நீக்கி, எஞ்சியிருந்த அடாப்டரையும் அகற்றி, கணினியை மறுபடி தொடங்கி, பின்னரே புதியதை நிறுவினோம். இரவு ஒன்பது மணிக்கு “இணைக்கப்பட்டது” என்ற பச்சை விளக்கு எரிந்தது. உள்ளறையிலிருந்து தந்தை குழறிய குரலில் ஏதோ கேட்டார். மகள், “கிடைச்சிருச்சுப்பா” என்றார்.

ஆனால் கணக்குக் கோப்புறை திறக்கவில்லை. அன்றிரவு நான் பங்கு இல்லத்துக்குத் திரும்பிய நடை நீண்டதாக இருந்தது.

புதன் காலை அவரே வழி கண்டார். அலுவலகச் சேவையகத்தைப் பெயரால் அழைத்தால் திறக்கவில்லை. அதன் எண் முகவரியைத் தட்டினால் திறந்தது. எனவே பாதை சரியாகவே இருந்தது. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். ஏற்பாடுதான் தவறியிருந்தது. அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயரை வெளியுலகின் டி.என்.எஸ். அறியாது. இளைஞர் இணைப்புக் கோப்பில் உரிய திருத்தத்தைச் செய்து அனுப்பினார். நண்பகலில் எல்லாம் திறந்தன. அன்றிரவு முழுவதும் கண்விழித்து, 20ஆம் நாள் மாலைக்குள் அனைத்துப் படிவங்களையும் அவர் அனுப்பி முடித்தார்.

இத்தகைய முறிவு புதியதன்று. 2022 ஜனவரி 11இல் வெளியான விண்டோஸ் புதுப்பிப்பால் எல்.டூ.டி.பி. முறை வி.பி.என். இணைப்புகள் பலருக்கு அறுந்தன. ஜனவரி 17இல் மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அது பிழை. அதற்கு முன்பு, 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் ஓ.எஸ். சியராவிலிருந்து பி.பி.டி.பி. முறையை வேண்டுமென்றே நீக்கியது. அம்முறை பாதுகாப்பற்றது என்று ஐயமற நிறுவப்பட்டிருந்ததே காரணம். ஆகவே, அறுந்ததெல்லாம் தவறுதலாக அறுந்ததென்று கொள்வதற்கில்லை. சில பழைய வழிகள் மூடப்பட வேண்டியவையே. ஆயினும் அவ்வழியாக நாள்தோறும் நடந்துகொண்டிருந்தவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் கேள்விதான் என்னை உறுத்தியது. பின்னர் அறிந்தேன்: விண்டோஸ் 10ஐ வைத்திருப்போர் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் நீட்டிப்பு ஏற்பாடு அப்போதே இருந்தது. படிவ வாரத்தில் அவர் மாறியிருக்க வேண்டிய தேவையே இல்லை. நான் கூறிய செய்தி உண்மை. அதில் பாதியைத்தான் நான் படித்திருந்தேன். மாறு என்று சொல்லத் தெரிந்த எனக்கு, எப்போது மாறுவது, அதற்கு முன் யாரைக் கேட்பது, எதைப் பத்திரப்படுத்துவது என்று சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் நன்றி சொல்ல வந்தார். பேச்சினிடையே, “ஆபீஸ் கம்ப்யூட்டரை எப்ப மாத்தினீங்க சாமி?” என்று இயல்பாகக் கேட்டார். பங்கு அலுவலகக் கணினி அதுவரை பழைய பதிப்பிலேயே இருந்தது. மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

மேசை மீதிருந்த தாளை எடுத்து, மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும்படி அவரையே கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: வேலை நெருக்கடி இல்லாத வாரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். புதிய இயங்குதளத்துக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று அலுவலகத்தைக் கேட்க வேண்டும். கோப்புகளுக்கும் இணைப்பு விவரங்களுக்கும் படி எடுத்துவைக்க வேண்டும். வரும் பிழைச்செய்தியை மூடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும்.

“இன்னும் ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும் சாமி” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.