தென் அமெரிக்கா கப்பல் டூர் போறீங்களா? ஊசிக்கு முன்னாடி ஒரு கணக்கு இருக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல பெரியவங்க யாராவது கப்பல் டூர் கிளம்பறாங்கன்னா முழுசாப் படிங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கப்பல் வேலைக்குப் போன பையன்க நிறைய. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், இப்போ சொகுசுக் கப்பலும். இத்தனை நாள் பையன் மட்டும் போனான், வந்தான். இப்போ அப்பா அம்மாவையும் ஏத்திட்டுப் போறான். "ரியோ, பியூனஸ் அயர்ஸ், அப்படியே கீழ இறங்கி சிலி வரைக்கும் டாக்டர்"னு சந்தோஷமாச் சொல்லிட்டு, பிரஷர் மாத்திரை ரெண்டு மாசத்துக்கு எழுதித் தாங்கன்னு வந்து உக்காருவாங்க. நான் கேக்கற முதல் கேள்வி மாத்திரை பத்தி இல்ல. "எந்தத் துறைமுகம் முதல்ல, எது கடைசி?" அதான் கேள்வி. டாக்டருக்கு எதுக்கு இதுன்னு பாப்பாங்க. காரணம் இருக்கு.

மஞ்சள் காய்ச்சல். மஞ்சள் காமாலை இல்ல. பேரைக் கேட்டதும் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டு வர்ற ஆளுங்க உண்டு, அதனால சொல்றேன். இது வேற வைரஸ். முத்திப்போய் காமாலை, ரத்தக்கசிவுன்னு அடுத்த கட்டத்துக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் இறந்துடுவாங்க. குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டும்தான்.

இந்தியாவுல இந்த நோய் இல்ல. ஆனா கொசு இருக்கு. டெங்கு பரப்புற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வடியற சிரட்டையில மழைத்தண்ணி தேங்கினா என்ன வளரும்னு அங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கொசு தயாரா காத்துட்டு இருக்கற நாட்டுக்குள்ள, வைரஸை ரத்தத்துல வச்சிட்டு ஒரே ஒரு ஆள் வந்து இறங்கினாப் போதும். அரசாங்கத்தோட பயம் அதுதான்.

அதனால விதி கறார். மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கற நாட்டை விட்டுக் கிளம்பி 6 நாளுக்குள்ள இந்தியாவுல வந்து இறங்கினா, தடுப்பூசிச் சான்றிதழ் காட்டணும். இல்லைன்னா மிச்ச நாள் முடியற வரைக்கும் தனிமைப்படுத்தி வச்சிடுவாங்க. கொசு கடிச்சதுல இருந்து காய்ச்சல் வர 3 முதல் 6 நாள் ஆகும். அந்தக் கணக்குல வந்த விதி.

தென் அமெரிக்காவுல பட்டியல்ல இருக்கறது பிரேசில், அர்ஜென்டினா, பெரு, ஈக்வடார், கொலம்பியா, வெனிசுலா, பொலிவியா, பராகுவே, கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா. இல்லாதது சிலியும் உருகுவேயும். அந்த ரெண்டு பேரையும் மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இதுல ஒரு சிக்கல். பட்டியல் நாடு வாரியா இருக்கு, ஊர் வாரியா இல்ல. அர்ஜென்டினாவுல நோய் ஆபத்து உள்ளது வடகிழக்கு மூலையில, இகுவாசு அருவி இருக்கற பக்கம். பியூனஸ் அயர்ஸ் நகரத்துல இல்ல. குளிர்ல நடுங்கற உஷுவாயாவுல சுத்தமா இல்ல. ஆனா நம்ம விமான நிலையத்துல பாக்கறது நீங்க எந்த நாட்டுல இருந்து வர்றீங்கன்னுதான். அதனால ரெண்டு கேள்வியையும் தனித்தனியாக் கேட்டுக்கணும். எனக்கு அங்க நோய் வர வாய்ப்பு இருக்கா? திரும்பி வரும்போது என்கிட்ட பேப்பர் கேப்பாங்களா? பல பேர் இதை ஒண்ணாக் குழப்பிக்கறாங்க.

போற இடம் பிரேசில், குறிப்பா அமேசான் ஆத்துக்குள்ள மனாஸ் வரைக்கும் போற கப்பல்னா, பேச்சே இல்ல, ஊசி வேணும். அங்க மலேரியாவும் உண்டு, அதுக்குத் தனி மாத்திரை. 2016 முதல் 2018 வரை வந்த மஞ்சள் காய்ச்சல் பரவல் ரியோ, சாவ் பாலோ மாநிலங்களுக்கே வந்துச்சு. 2025 ஏப்ரல்ல கொலம்பியா சுகாதார அவசரநிலையே அறிவிச்சுது. பழைய கதைன்னு நினைக்க வேண்டாம்.

சரி, எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டாப் போச்சேன்னு தோணும். இளசுகளுக்கு, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு அதான் பதில். ஒரு ஊசி, ஆயுசுக்கும் போதும். முன்னாடி பத்து வருஷம்தான் செல்லும்னு இருந்தது, 2016 ஜூலை 11ல இருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும்னு மாத்திட்டாங்க. அதனால பையன் வேலைக்குச் சேரும்போது போட்ட பழைய மஞ்சள் கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ஆனா இது உயிருள்ள வைரஸை பலவீனப்படுத்திச் செஞ்ச ஊசி. 60 வயசுக்கு மேல முதல் தடவையாப் போடறவங்கள்ல, அபூர்வமா, ஊசியில இருக்கற வைரஸே ஈரல், மூளைன்னு போய்த் தாக்கலாம். இளைஞர்களை விட பெரியவங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கீமோ எடுக்கறவங்க, நிறைய ஸ்டீராய்டு எடுக்கறவங்க, உறுப்பு மாற்று செஞ்சவங்க, முட்டைக்குக் கடுமையான அலர்ஜி உள்ளவங்க, தைமஸ் சுரப்பியில நோய் உள்ளவங்க போடக் கூடாது. நம்ம டூர் கோஷ்டியில முக்கால்வாசிப் பேர் ரிட்டையர் ஆனவங்கதானே? அதான் நான் யோசிக்கறது.

ஒரு உதாரணம். அனுமதி வாங்கி, அடையாளத்தை மாத்தி எழுதறேன். 66 வயசு டீச்சரம்மா. மயஸ்தீனியாங்கற தசை பலவீன நோய், அதுக்காக இருபது வருஷம் முன்னாடி தைமஸை ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கு. இப்போ நல்லா இருக்காங்க. மகன் கப்பல் டிக்கெட் போட்டுட்டான். சிலியில சான் அன்டோனியோ துறைமுகத்துல ஏறி, கீழ சுத்தி, பியூனஸ் அயர்ஸ்ல இறங்கி, மறுநாளே ஊருக்கு விமானம். கூட வந்த அவங்க வீட்டுக்காரர் மெதுவா, "டாக்டரே, ஏஜென்டு சொல்லுதான், ஊசி போடாண்டாமாம், கார்டு மட்டும் எடுத்துத் தாறேங்கான்" அப்படின்னார்.

அந்த அம்மாவுக்கு ஊசி போட்டா உயிருக்கே ஆபத்து. பொய்க் கார்டு வாங்கினா அது போலி ஆவணம், மாட்டினா வேற மாதிரி ஆபத்து. போகவே வேண்டாம்னு சொல்றது சுலபம். ஆனா இருபது வருஷம் மாத்திரையோட வாழ்ந்துட்டு, மகன் ஓட்டற கப்பலை ஒரு தடவை பாக்கணும்னு ஆசைப்படறவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது?

வரைபடத்தை எடுத்து வச்சோம். அவங்க போற எந்த ஊர்லயும் மஞ்சள் காய்ச்சல் ஆபத்து இல்ல. பிரச்சினை பேப்பர் மட்டும்தான். அதே கப்பல், அதே துறைமுகங்கள், எதிர்த்திசையில போற டிரிப்பும் இருந்தது. பியூனஸ் அயர்ஸ்ல ஏறி, உருகுவேயோட மான்டிவிடியோ, ஃபாக்லாந்து தீவு, அப்புறம் உஷுவாயா. அதுதான் கடைசி அர்ஜென்டினா மண். அங்கிருந்து சிலிக்குள்ள புன்டா அரீனாஸ், பனிப்பாறைக் கால்வாய்கள், சான் அன்டோனியோ வந்து சேர 6 நாள். சாந்தியாகோவுல இன்னும் 2 நாள் ஓய்வு. அதுக்கப்புறம்தான் ஊருக்கு விமானம். பட்டியல் நாட்டை விட்டு 6 நாள் தாண்டிடுச்சு.

டிக்கெட்டை மாத்த கொஞ்சம் பணம் போச்சு. திரும்பற விமானம் சாவ் பாலோ வழியா இல்லாமப் பாத்து எடுக்கச் சொன்னேன். விமான நிலையத்தை விட்டு வெளிய வராம மாறினா விலக்கு உண்டு, ஆனா அதை ஏத்துக்கறது இங்க இருக்கற சுகாதார அதிகாரி கையில. நடுராத்திரி கவுன்டர்ல நின்னு வாதாடணுமா? எத்தியோப்பியா வழியா மலிவா டிக்கெட் கிடைக்கும், அதுவும் மஞ்சள் காய்ச்சல் நாடு, அங்கயும் இதே கதைதான். கப்பல்ல போறவங்களுக்கு எல்லாத் துறைமுகத்துலயும் பாஸ்போர்ட்ல முத்திரை விழாது. அதனால எந்தத் தேதியில எந்தத் துறைமுகம்னு கப்பல் கம்பெனி கொடுக்கற பேப்பர், விமான போர்டிங் பாஸ் எல்லாம் ஊர் வந்து சேர்ற வரைக்கும் பத்திரம். ஊசி போடக் கூடாத காரணத்தை எழுதி நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். டீச்சரம்மா போயிட்டு வந்தாச்சு, பென்குயின் போட்டோ நூறு எனக்கு வந்திருக்கு.

இதே கணக்கு இன்னொரு வகையிலயும் உதவும். அமெரிக்காவுல மகள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பல்ல கொலம்பியாவோட கார்தஹேனாவைப் பாத்துட்டு, திரும்ப மகள் வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு ஊருக்கு வர்றவங்களுக்கு இந்தியாவுல அந்தப் பேப்பர் தேவைப்படாது. ஆனா கப்பல் கம்பெனியோ, வழியில இருக்கற வேற நாடோ தனியாக் கேக்கலாம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

ஊசி போடலாம்னு முடிவானவங்களுக்கு: பக்கத்து ஆஸ்பத்திரியில கிடைக்காது, போட்டாலும் செல்லாது. அரசு அங்கீகரிச்ச மையத்துலதான் போடணும். நமக்குக் கிட்ட தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், இல்ல அங்குள்ள துறைமுக சுகாதார அலுவலகம். ஒரு குப்பியில பல பேருக்கான மருந்து இருக்கும், கரைச்சாச்சுன்னா சில மணி நேரத்துக்குள்ள தீர்த்தாகணும். அதனால ஆள் சேத்து, குறிப்பிட்ட நாள்லதான் போடுவாங்க. முன்கூட்டியே கேட்டுட்டுக் கிளம்புங்க, நாகர்கோவில்ல இருந்து போய்ட்டு வெறுங்கையோட திரும்பாதீங்க. சான்றிதழ் ஊசி போட்ட 10 நாளுக்கு அப்புறம்தான் செல்லும். பயணத்துக்கு முந்தின வாரம் ஓடறதுல பிரயோஜனம் இல்ல. கார்டுல பேரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா இருக்கான்னு அங்கயே பாருங்க.

மத்த விஷயங்கள் வேகமா.

பெருவுல கயாவோ துறைமுகத்துல கப்பல் நிக்கும்போது மாச்சு பிச்சு பாக்க ஒரு டூர் விப்பாங்க. லிமாவுல விமானம் ஏறி குஸ்கோ. அது கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி 2,240. கடல் மட்டத்துல இருந்து ஒண்ணரை மணி நேரத்துல அங்க கொண்டுபோய் இறக்கினா தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். ஆஞ்சியோ பண்ணினவங்க, நுரையீரல் நோய் உள்ளவங்க என்கிட்டயோ உங்க டாக்டர்கிட்டயோ கேக்காம அந்த டூருக்குப் பணம் கட்டாதீங்க. போறவங்க முதல் நாள் படி ஏறாதீங்க, வயிறு முட்ட சாப்பிடாதீங்க. தடுப்பு மாத்திரை இருக்கு, சல்ஃபா அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிடுங்க.

கப்பல்ல வாந்திபேதி பரவினா பெரும்பாலும் நோரோ வைரஸ். பையில தொங்கற சானிடைசர் அதுக்கு அவ்வளவாப் பிடிக்காது. சோப்பு போட்டு, ஓடற தண்ணியில கை கழுவறதுதான் வழி. பேதிக்கு மருந்துக் கடையில கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிட்டுப் போறவங்க கவனம், மயஸ்தீனியா மாதிரி நோய்கள்ல அசித்ரோமைசின், சிப்ரோஃபிளாக்சசின் ரெண்டும் நிலைமையை மோசமாக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து எடுத்துக்கோங்க, அது எல்லாருக்கும் ஆகும்.

இன்சுலின் கைப்பையிலதான். சரக்கறையில உறைஞ்சு போகலாம், பெட்டியே தொலைஞ்சும் போகலாம். பிரேசில், அர்ஜென்டினா நம்மளை விட எட்டரை மணி நேரம் பின்னாடி. பெரு, ஈக்வடார் பத்தரை. போற நாள் உங்களுக்கு முப்பத்து சொச்சம் மணி நேர நாள். அன்னைக்கு எத்தனை யூனிட், எப்போன்னு எழுதி வாங்கிட்டுப் போங்க, அங்க போய் வாட்ஸ்ஆப்ல கேக்கறப்போ நான் தூக்கத்துல இருப்பேன்.

திருவனந்தபுரத்துல இருந்து வளைகுடா வழியாப் போறவங்க கசகசா பொட்டலத்தைப் பெட்டியில வைக்காதீங்க. அமீரகத்துல அது தடை. டிரமடால் வலி மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்துக்கும் அங்க கட்டுப்பாடு உண்டு. சிலியில இறங்கும்போது பழம், விதை, தேன், பால் பொருள் எதுவும் கூடாது. கப்பல் பஃபேல எடுத்து பையில போட்ட ஆப்பிளுக்குக்கூட அபராதம் போடுவாங்க. நேந்திரங்காய் சிப்ஸ் இருந்தா இருக்குன்னு எழுதிக் கொடுத்துடுங்க.

கடைசியா முழங்கால் வலிக்காரங்களுக்கு. எல்லா ஊர்லயும் கப்பல் கரையை ஒட்டி நிக்காது. ஃபாக்லாந்துல ஸ்டான்லி மாதிரி இடங்கள்ல கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுட்டு, சின்னப் படகுலதான் கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நம்ம விவேகானந்தர் பாறைக்குப் போற படகுல, அலை தூக்கும்போது எப்படிக் கால் வச்சு ஏறுவோம், அதே கதைதான். கடல் சரியில்லைன்னா இங்க படகை நிறுத்தற மாதிரி அங்கயும் நிறுத்திடுவாங்க, அந்த ஊரைப் பாக்காமலே கப்பல் போயிடும். கைத்தடி பிடிச்சு நடக்கறவங்க, டிக்கெட் எடுக்கும்போதே எந்தெந்தத் துறைமுகத்துல படகுன்னு கேட்டு வச்சுக்கோங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில கன்னியாகுமரி போய், அந்தப் படகுல ஏறி இறங்கிப் பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க.