காமிக்ஸ் படிச்சா கணக்குல வராதா?

நான் குப்பை கொட்டுகிற இந்த டில்லியில், புத்தகக் கடைகளில் ஒரு வேடிக்கை உண்டு. காமிக்ஸ் என்றால் குழந்தைகள் அலமாரி. அதே சமாச்சாரத்தைக் கெட்டி அட்டை போட்டு, விலையையும் ஏத்தி, 'கிராஃபிக் நாவல்'னு சொன்னால் இலக்கிய அலமாரி. அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் நடந்திருக்கு. ஆர்ட் ஸ்பீகல்மன் தன் அப்பா நாஜி முகாமில் பட்ட பாட்டை வரைந்த 'மவுஸ்' இரண்டாம் பாகத்தை, 1991-ல் நியூயார்க் டைம்ஸ் புனைகதைப் பட்டியலில் சேர்த்தது. இது கற்பனை இல்லைங்க என்று அவரே கடிதம் போட்ட பிறகுதான் இடம் மாற்றினார்கள்.

அலமாரி மாறினால் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். சொல்றேன்.

1994-ல் ஓரிஜித் சென் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' என்று கறுப்பு வெள்ளையில் ஒரு காமிக்ஸ் போட்டார். வெளியிட்டது கல்பவிருக்ஷ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. நர்மதை அணைப் போராட்டம்தான் பின்னணி. ஒரு பக்கம் பழங்குடிப் பாடகர் ஒருவர் நதி பிறந்த கதையைப் பாடுகிறார். இன்னொரு பக்கம் நகரத்திலிருந்து ஓர் இளம் பத்திரிகையாளர் அணை விவகாரத்தை விசாரிக்கக் கிளம்புகிறார். வந்த நேரத்தைப் பாருங்க. அதற்கு முந்தைய வருஷம்தான் உலக வங்கிக் கடன் நின்றுபோயிருந்தது. அதே 1994-ல் நர்மதா பச்சாவ் ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாடே வாதாடிக்கொண்டிருந்த விஷயம். ஆனால் புத்தகத்தைப் பற்றிப் பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. கொஞ்சப் பிரதிகள், அப்புறம் கிடைக்கவும் இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2004-ல், பெங்குயின் நிறுவனம் சார்நாத் பானர்ஜியின் 'காரிடார்' புத்தகத்தைக் கொண்டுவந்தது. கன்னாட் பிளேஸில் பழைய புத்தகம் விற்கிறவரைச் சுற்றி நடக்கிற கதை. நல்ல புத்தகம், அதில் சந்தேகமே இல்லை. இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று விளம்பரம். ஆங்கிலப் பத்திரிகைகளில் விமர்சனங்கள் வந்தன. அப்புறம்தான், 'அட, ஓரிஜித் சென் அப்பவே போட்டிருக்காரே' என்று பேச்சு திரும்பியது. 2022-ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் அருந்ததி ராய் முன்னுரையோடு அதை மறுபடி வெளியிட்டபோது ஏக வரவேற்பு.

சந்தோஷம்தான். ஆனால் நடுவில் என்ன நடந்தது? 2000-ல் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று தீர்ப்பு வந்தாச்சு. 2017 செப்டம்பரில் 138.68 மீட்டர் உயரத்தோடு திறப்பு விழாவும் முடிஞ்சாச்சு. ஒரு காமிக்ஸ் அணையை நிறுத்தியிருக்கும் என்று சொல்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் வாதம் நடக்கும்போது படிச்சிருக்க வேண்டிய புத்தகத்தை, வாதம் முடிந்த பிறகு 'முன்னோடி' என்று மாலை போட்டு வரவேற்கிறோம். புத்தகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறினது பெயர்ப்பலகைதான்.

சரி, இப்போது விமர்சனம் வருதே, அதில் என்ன எழுதுகிறார்கள்? நான் படித்தவற்றில் முக்கால்வாசி கதைச் சுருக்கம். கடைசிப் பத்தியில் 'ஓவியங்கள் அழகு'. அவ்வளவுதான். 2011-ல் நவாயனா வெளியிட்ட 'பீமாயணா'வை எடுத்துக்கோங்க. அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகள். பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தது. ஆட்களைக் கட்டத்துக்குள் அடைத்து வரைய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் வழக்கமான சதுரப் பெட்டியே இல்லை. அன்பாகப் பேசுகிறவர்களின் பேச்சு, பறவை வடிவக் கூட்டுக்குள் வரும். விஷமாகப் பேசினால் அந்தப் பேச்சுக் குமிழுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கும். சாதிச் சொல் எப்படிக் கொட்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத்தில் சொல்ல முடியுமா, தெரியலை. இதைப் பேசாமல் அந்தப் புத்தகத்தைப் பற்றி எதைப் பேசினாலும் பாதிதான்.

இதை ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன் என்றால், வீட்டு விஷயம் ஒன்று இருக்கு. என் பொண்ணு தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினதே சிவகாசியிலிருந்து பார்சலில் வருகிற லயன், முத்து காமிக்ஸை வைத்துத்தான். இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. ஏழாம் வகுப்பு விடுமுறையில், படித்த புத்தகம் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவள் 'பீமாயணா' பற்றி எழுதினாள். 'அந்தத் தேள், பேசினவரோட வாயிலேர்ந்து வரலை, அவர் மனசிலேர்ந்து வருது' என்று ஒரு வரி. எந்த விமர்சகரும் எழுதி நான் பார்க்காத வரி. பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படப் புத்தகம் கணக்கில் வராதாம். வேறொரு புத்தகத்துக்குச் சுருக்கம் எழுதிக் கொடுத்தாள், முழு மார்க்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நம்ம மாதிரி வீடுகளில், தமிழ் உள்ளே வர இருக்கிற வாசலே ஒன்றிரண்டுதான். அதில் ஒன்றை 'இது வாசலே இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

'பீமாயணா' வரைந்தவர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம். அடுத்த தடவை ஒரு காமிக்ஸ் விமர்சனம் கண்ணில் பட்டால், வரைந்தவர் பெயர் எத்தனையாவது பத்தியில் வருது என்று மட்டும் எண்ணிப் பாருங்க.