கண்டி வீதியில் ஒரு கடைத்தெரு: வரக்காப்பொல

கொழும்பிலிருந்து கண்டி வீதியில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் வந்தால் வரக்காப்பொல. எள்ளையும் வெல்லத்தையும் சேர்த்து உருட்டித் தாளில் சுற்றி விற்கும் தலகுலிக்காகவே பலர் இங்கே வண்டியை நிறுத்துவார்கள். சுற்றுவட்டாரத்து இறப்பர் தோட்டங்களில் இருப்பவர்களுக்கோ இந்த ஊர் வேறொரு வகையில் வேண்டப்பட்டது. தோட்டத்துக் கெப் வண்டி படுத்துவிட்டால், சாமான் தேடி அவர்கள் முதலில் இறங்குகிற கடைத்தெரு இது.

ஊரை வளர்த்தது வீதிதான். கண்டிக்கு வண்டிப் பாதை போட்டது 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில். பக்கத்து அம்பேபுஸ்ஸயில் இருக்கும் வாடிவீடு 1828இல் தொடங்கியது என்பார்கள். கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட ரயில் பாதையும் 1865இல் முதலில் அம்பேபுஸ்ஸ வரைதான் வந்தது. கண்டியைத் தொட்டது 1867இல். குருநாகல், தம்புள்ள வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதி பிரிவதும் அம்பேபுஸ்ஸயில்தான். ருவன்வெல்லப் பக்கம் போகும் உள்வீதி வரக்காப்பொலயில் கிளைக்கிறது. இத்தனை வழிகள் கூடும் இடத்தில் டயர் கடையும் கராஜும் லேத் பட்டறையும் தானாகவே வந்து சேரும்.

தோட்டத்தில் கெப் வண்டி ஓய்வதில்லை. காலையில் இறப்பர் ஷீட், மத்தியானம் உரமூட்டை, இரவில் பிரசவ வலி கண்ட பெண். லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்தக் கல்லுப் பாதையில் வேறு வண்டி ஏறாது. அதனால்தான் முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸைக்கூட யாரும் லேசில் கைவிடுவதில்லை. கைவிடவும் முடியாமல் போனது ஒரு காலம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்தக் காலத்தில் பழைய வண்டிகளின் விலை வெகுவாக ஏறியது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

சாமான் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கடையில் முதல் கேள்வியே, “பழைய சாமானக் கொண்டாந்தீங்களா தம்பி?” என்பதுதான். கிளச் பிளேட் என்றால் நடுவில் உள்ள பற்களை எண்ணி, குறுக்களவைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஹைலக்ஸ் என்று மட்டும் சொன்னால் போதாது. எல்என்106 என்பது போன்ற மொடல் இலக்கமும் வேண்டும், எஞ்சின் இலக்கமும் வேண்டும். 2எல், 3எல் இரண்டும் ஒரே குடும்பத்து டீசல் எஞ்சின்கள், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 2எல்லின் சிலிண்டர் 92 மில்லிமீற்றர், 3எல்லின் சிலிண்டர் 96. ஒன்றின் பிஸ்டன் மற்றதில் ஏறாது. சிலிண்டர் தேய்ந்து ஏற்கெனவே ஒருமுறை போர் அடித்திருந்தால் அதற்கேற்ற ஓவர் சைஸ் பிஸ்டன் தேட வேண்டும். அளக்காமல் வாங்கினவர் இரண்டு தரம் காசு கொடுப்பார்.

இங்கே கிடைக்காததற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது. ஜப்பானில் கழற்றிய கியர்பொக்ஸிலிருந்து கதவுக் கண்ணாடி வரை அந்தத் தெருவில் தேடலாம். தெரிந்த கடையென்றால் போனில் சொல்லி, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். கழற்றிய சாமானில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் உறுதி வேண்டும். கதவு, பம்பர், டிஃபரன்ஷல் ஆகியவற்றைப் பார்த்து வாங்கலாம். பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட் மூன்றும் புதிதாகவே இருக்க வேண்டும். பாரம் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கும் வண்டியில் ஆட்களும் இருப்பார்கள். அங்கே மிச்சம் பிடிக்கிற காசு ஒருவருடைய உயிர்.

இந்த ஊருக்குப் பெருமை கடைகளால் மட்டும் வந்ததல்ல. எந்தச் சாமான் எதில் பொருந்தும் என்று தெரிந்த கைகள்தான் இதன் சொத்து. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தை விட்டதும் கராஜில் சேர்ந்து, பாஸிடம் சிங்களத்திலும் தமிழிலும் தொழில் கற்கிறார்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியும். கையில் ஒரு சான்றிதழ் இருக்காது. அதற்கும் வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களின் திறமையைச் சோதித்து என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமை வழங்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. தோட்டச் சங்கங்களும் கராஜ் முதலாளிகளும் இந்தப் பிள்ளைகளை அந்தச் சோதனைக்கு அனுப்பிவைக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போனாலும் சொந்தப் பட்டறை போட்டாலும் அந்தத் தாள் அவர்களுக்கு உரிய கூலியைக் கேட்டு வாங்க உதவும்.