கொக்கோவும் ஆப்ப சோடாவும்: ஒரு பி.காம். மாணவனின் நட்டக் கணக்கு

செமஸ்டர் முடிஞ்சாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினேன்னு யாரும் கேக்காதீங்க, ப்ளீஸ். அதைவிடப் பெரிய காஸ்டிங் தப்பு ஒண்ணை வீட்டுல பண்ணி வச்சிருக்கேன். இன்னைக்கு அந்தக் கதை. நடந்தது 2025 பிப்ரவரியில. எழுத இப்பத்தான் தைரியம் வந்திருக்கு.

எங்க வீடு ஒத்தக்கடையில, யானைமலையைப் பாத்த மாதிரி. அம்மா வீட்டுலயே கேக் செஞ்சு ஆர்டருக்குக் குடுக்குறாங்க. முதல்ல குக்கருக்குள்ள மணல் கொட்டி, அதுமேல தட்டு வச்சுத்தான் செஞ்சாங்க. அப்புறம் சீட்டு எடுத்து ஒரு சின்ன ஓவன் வாங்கினோம். மாசத்துக்கு எட்டு, பத்து ஆர்டர் வரும். எல்லாம் அக்கம்பக்கத்து பிறந்தநாள்தான். எனக்குக் குடுத்திருந்த வேலை ரெண்டு: கணக்கு எழுதுறது, டவுனுக்குப் போய் சாமான் வாங்கிட்டு வர்றது. பி.காம். படிக்கிற பையனுக்கு வேற என்ன வேலை குடுப்பாங்க!

அந்தச் சமயம் கொக்கோ பவுடர் விலை ஏறிக்கிட்டே இருந்தது. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல விளையிறது ஐவரி கோஸ்ட், கானா இந்த ரெண்டு நாட்டுலதான். அங்க மழையும் மரத்து நோயும் சேர்ந்து விளைச்சலைக் கவுத்துருச்சு. ரொம்ப வருஷமா டன் 2,000, 3,000 டாலர்னு இருந்தது, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டிருச்சு. ஆப்பிரிக்காவுல மழை சரியா பெய்யலைன்னா ஒத்தக்கடையில கேக் விலை ஏறும். பாடத்துல படிச்சப்ப தூக்கம் வந்த விஷயம், பில்லுல பாத்தப்ப தூக்கம் போச்சு.

கீழமாசி வீதியில ஒரு மொத்தக் கடை (பேரு வேண்டாம், அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல). நாங்க வழக்கமா வாங்குற டப்பா பவுடருக்குப் பக்கத்துல, பெரிய பையில இருந்து நிறுத்துக் குடுக்குற பவுடர் ஒண்ணு இருந்தது. கால் கிலோவுக்கு 110 ரூபாய் கம்மி. நல்ல கறுப்பு. பாத்தாலே சாக்லேட் மாதிரி இருந்தது. அண்ணாச்சிகிட்ட "இதும் கொக்கோதானே அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "கொக்கோதான் தம்பி, ஐஸ்கிரீம் போடுறவுக எல்லாம் இதத்தான் வாங்குவாக"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

பொருளாதாரத்துல பதிலீட்டுப் பண்டம்னு படிச்சிருப்போம். டீ விலை ஏறினா காபிக்குப் போறது. இதுவும் அப்படித்தான்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற. வீட்டுக்கு வந்து பழைய டப்பாவுக்குள்ளயே கொட்டி வச்சேன். அம்மாகிட்ட சொல்லல. மாசக் கடைசியில மிச்சத்தைக் காட்டி அசத்தலாம்னு ப்ளான்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு கிலோ கேக் ஆர்டர். எங்க தெருவுலயே, ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாள். மாவு கலக்கும்போதே அம்மா கேட்டாங்க, "என்னடா, இந்தத் தடவ இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"புது ஸ்டாக்மா"ன்னேன். அந்த ரெண்டு வார்த்தைதான்.

கேக் எப்பவும் வர்ற உயரத்துக்கு வரல. ஆனா மேல க்ரீம் பூசினா யாருக்குத் தெரியப் போகுது? குடுத்தாச்சு. மறுநாள் அந்த வீட்டு அக்கா வந்து, ரொம்பத் தயங்கி, "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. சோப்புத் தண்ணி மாதிரி ஒரு ருசி அடிச்சது"ன்னாங்க. அம்மா ஒண்ணும் பேசல. உள்ள போய் 750 ரூபாயை எடுத்துட்டு வந்து, அவங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல கையில திணிச்சு அனுப்பிட்டாங்க. தட்டிக் கொட்டி எடுத்த ஓரத்துண்டு வீட்டுல கொஞ்சம் இருந்தது. அதை வாயில போட்டுப் பாத்துட்டு, "என் கைதான் சரியில்ல போல. அளவு மறக்குது"ன்னாங்க.

அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லல. அடுத்து வந்த சாக்லேட் கேக் ஆர்டரை அம்மா வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு அடுத்ததையும். நான் கணக்கு நோட்டுல அந்த ரெண்டு வரியை எழுதவே இல்ல. வராத வருமானத்துக்கு எந்தக் கணக்குல பற்று வைக்கிறது?

பதினோரு நாள் இப்படிப் போச்சு. அதுக்குள்ள நான் தேட ஆரம்பிச்சிருந்தேன். திரும்ப அந்தக் கடைக்குப் போய் அந்தப் பெரிய பையைப் புரட்டிப் பாத்தேன். 'ஆல்கலைஸ்டு'ன்னு அச்சடிச்சிருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டே போனதுல தெரிஞ்சது இதெல்லாம்:

கொக்கோ பவுடர்ல முக்கியமா ரெண்டு ஜாதி. ஒண்ணு இயற்கை கொக்கோ. கொக்கோ பழத்தை உடைச்சு, சதையோட இருக்கிற விதையைக் குவிச்சு வச்சு அஞ்சாறு நாள் புளிக்க விடுவாங்க. நம்ம இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான். அந்தச் சதையில இருக்கிற சர்க்கரை முதல்ல ஆல்கஹாலா மாறி, அப்புறம் வினிகர்ல இருக்கிற அதே அமிலமா மாறும். அது விதைக்குள்ளயும் ஊறிடும். காய வச்சு, வறுத்து, கொழுப்பைப் பிழிஞ்சு எடுத்து அரைச்சாலும் அந்தப் புளிப்பு கொஞ்சம் தங்கிடும். அதனால இந்தப் பவுடரோட பிஹெச் 5லிருந்து 6க்குள்ள இருக்கும். கலர் செம்பழுப்பு. தொட்டு நாக்குல வச்சா கசப்போட லேசா புளிக்கும்.

ரெண்டாவது டச்சு கொக்கோ. 1828ல ஹாலந்துல வான் ஹூட்டன் குடும்பம் கொக்கோவுல இருந்து கொழுப்பைப் பிழியற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினாங்க. பவுடர் தண்ணியில நல்லா கலக்கணுங்கிறதுக்காக காரம் சேர்த்துப் பதப்படுத்துற முறையைக் கொண்டு வந்ததும் அந்தக் குடும்பத்து கோன்ராட் வான் ஹூட்டன்தான். அதனாலதான் 'டச்சு'. காரம் சேர்ந்ததும் புளிப்பு அடங்கிடும், பிஹெச் 7லிருந்து 8 வரைக்கும் போகும். கலர் கறுக்கும், ருசி மெதுவாகும். பொட்டலத்துல 'ஆல்கலைஸ்டு'ன்னு போட்டிருந்தாலோ, சேர்மானப் பட்டியல்ல ஐஎன்எஸ் 501ன்னு (அதாவது பொட்டாசியம் கார்பனேட்) இருந்தாலோ அது இந்த ஜாதி.

இதுல எது ஒசத்தின்னு கேட்டா பதில் கிடையாது. கேக்குல கூட என்ன போடுறீங்கங்கிறதைப் பொறுத்தது. அம்மாவோட அளவு இதுதான்: ஒன்றரை கப் மைதா, அரை கப் கொக்கோ, நாட்டுச் சர்க்கரை, முட்டை, எண்ணெய், ஒரு டம்ளர் பால், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் கிடையாது. ஆப்ப சோடா தனியா நின்னு ஒழுங்கா வேலை செய்யாது, அதுக்கு ஒரு புளிப்பு வேணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கேஸ் நல்லா வரும், மாவு உப்பும். அம்மா அளவுல அந்தப் புளிப்பு பெரும்பாலும் கொக்கோவுக்குள்ள இருந்தே வந்திருக்கு. நான் அதை எடுத்துட்டு, ஏற்கெனவே காரம் ஏத்தின பவுடரைக் கொட்டிட்டேன். சோடா செலவாகாம அப்படியே தங்கி, வெந்து, சோப்பு ருசியாயிருச்சு.

பொருளாதாரப் பாடத்துல அடுத்த பக்கத்துலயே நிரப்புப் பண்டம்னு ஒண்ணு இருக்கும், காரும் பெட்ரோலும் மாதிரி. கொக்கோவுக்கு எது பதிலீடுன்னு பாத்தவன், அதுக்கு ஜோடியா எது இருக்குன்னு பாக்கல. பரீட்சையில இது ரெண்டு மார்க் கேள்வி. எனக்கு 750 ரூபாய் கேள்வி.

பன்னிரண்டாவது நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் சொல்லிட்டேன். டப்பா மாத்தினது, 110 ரூபாய், 'புது ஸ்டாக்'னு சொன்னது எல்லாம். திட்டு விழும்னு இருந்தேன். அம்மா டப்பாவைத் திறந்து, விரல்ல ஒரு சிட்டிகை தொட்டு நாக்குல வச்சாங்க. பிஹெச், பொட்டாசியம்னு நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள, "புளிப்பே இல்லையேடா இதுல"ன்னாங்க. அப்புறம், "ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு ஓவரா போட்ட மாதிரி ஆயிருக்கு. பாலை நிறுத்திட்டு புளிச்ச தயிரை ஊத்தினா சரியாப் போகும்"னாங்க.

அவ்வளவுதான். நான் பதினோரு நாளா தேடினதை அம்மா ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. மறுநாள் காலையில ஒரு டம்ளர் பாலுக்குப் பதிலா ஒரு டம்ளர் புளிச்ச தயிரை அடிச்சு ஊத்தி, அதே கறுப்புப் பவுடர்ல செஞ்சாங்க. நல்லா உப்பி வந்தது. சோப்பு ருசி சுத்தமா இல்ல. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா மாவு கலக்கும்போதே தயிர் ஊத்தியிருப்பேன்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்தது.

(ஆரத்தின்னதும் எனக்கு ஒரு ஆர்வம். கெட்டுப்போன கேக்குல ஒரு துண்டு ஃப்ரிட்ஜ்ல கிடந்தது. அதைத் தண்ணியில ஊற வச்சு, வடிகட்டி, மஞ்சள் தடவின வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு விட்டேன். லேசா சிவந்தது. தயிர் ஊத்தின கேக்குத் தண்ணிக்குச் சிவக்கல. கொக்கோ கலரும் கூட இருக்கிறதால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நான் பாத்தது அதுதான் :))

சரி, உங்க வீட்டுல கேக் செய்றவங்களுக்காக, நாங்க இப்ப பின்பற்றுறதை எழுதிடுறேன்.

1. குறிப்புல ஆப்ப சோடா மட்டும் இருந்து, தயிர், மோர், வினிகர், எலுமிச்சைன்னு எதுவுமே இல்லைன்னா இயற்கை கொக்கோதான் போடணும். கையில டச்சு மட்டும்தான் இருக்குன்னா, பாலுக்குப் பதில் புளிச்ச தயிர். இல்லைன்னா சோடாவை எடுத்துட்டு மூணு மடங்கு பேக்கிங் பவுடர். அரை டீஸ்பூன் சோடா இருந்த இடத்துல ஒன்றரை டீஸ்பூன்.

2. குறிப்புல டச்சு கொக்கோவும் பேக்கிங் பவுடரும் இருந்து, உங்ககிட்ட இயற்கை கொக்கோதான் இருக்குன்னா, மூணு டேபிள்ஸ்பூன் கொக்கோவுக்கு ஒரு சிட்டிகை (அரைக்கால் டீஸ்பூன்) ஆப்ப சோடா சேர்த்துக்கலாம். கலர் கொஞ்சம் வெளிறித்தான் வரும்.

3. க்ரீம், ஐஸ்கிரீம், சூடான பால், மேல தூவுறது, இதுக்கெல்லாம் எது வேணாலும் போடலாம். உப்ப வேண்டிய வேலை இல்ல. ருசியும் கலரும்தான் கணக்கு.

4. டிரிங்கிங் சாக்லேட் கொக்கோ பவுடர் இல்ல. அதுல பெரும்பங்கு சர்க்கரை. என் கிளாஸ்மேட் ஒருத்தன் ஹாஸ்டல்ல மால்ட் பவுடர் போட்டு கேக் செஞ்சான். அதை அவனே சாப்பிடல.

5. எந்தப் பவுடரா இருந்தாலும் கொஞ்சம் வெந்நீர்ல குழைச்சுட்டு மாவுல சேருங்க. கட்டியும் தட்டாது, வாசனையும் தூக்கும்.

6. நிறுத்து வாங்கினா மூட்டைமேல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

அப்புறம் நட்டக் கணக்கு. ஒரு கேக்குக்கு 50 கிராம் பவுடர், அதாவது நான் மிச்சம் புடிச்சது கேக்குக்கு 22 ரூபாய். போனது 750 ரூபாய், வேண்டாம்னு சொன்ன ரெண்டு ஆர்டர். உலகச் சந்தையில கொக்கோ விலை 2025 கடைசியில உச்சத்துல இருந்து பாதிக்குக் கீழ இறங்கிருச்சு. ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22லிருந்து 18 சதவீதத்துல இருந்து 5 சதவீதம் ஆயிருச்சு. கொஞ்சம் பொறுத்திருந்தா நான் இந்தச் சாகசமே பண்ணியிருக்க வேண்டாம்.

இப்ப எங்க அடுப்படியில ரெண்டு டப்பா இருக்கு. அம்மா கையெழுத்துல ஒண்ணுல 'செவப்பு - பால்', இன்னொண்ணுல 'கறுப்பு - தயிர்'. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிரா கொக்கோ போடுறாங்க, அங்க ஒரு தடவை போய் அந்தக் காயைப் பாக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. லீவுல கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்.

நவம்பர்ல அந்தத் தெரு வீட்டு அக்காகிட்ட இருந்து மறுபடி ஆர்டர் வந்தது, மூத்த பொண்ணு பிறந்தநாளுக்கு. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நான்தான் நோட்டுல எழுதினேன்.

ஒரு கிலோ. வெனிலா.