பழைய ரெக்கோட் வாங்க நான் வைத்திருக்கும் ஆறு ஒழுங்குகள்



"சேர், நீங்க பழைய ரெக்கோட் சேக்கிறீங்களாமே, எதப் பார்த்து வாங்கிற?" என்று இந்த மாதத்துக்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இசை கூடுமா, கூடாதா என்ற கேள்வியைத் தயவுசெய்து ஆலிம்களிடம் கேளுங்கள். கொமன்ட்டில் வேண்டாம்.

1. முதலில் உங்கள் பிளேயரைப் பாருங்கள். தட்டுகள் 78, 45, 33⅓ என்று மூன்று வேகங்களில் சுற்றுபவை. இப்போது வரும் பிளேயர்கள் பலவற்றில் 78 கிடையாது. 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு வேறு ஊசி வேண்டும். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில், பகல் சாப்பாட்டுக் காசில் 78 தட்டுகள் இரண்டு வாங்கினேன். அதைக் கேட்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

2. உறையை நம்பாதீர்கள். தட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் காதிலும் தட்டுப்படும். கண்மட்டத்தில் பிடித்தால் வளைவு தெரியும். லேபிளையும் வாசியுங்கள். நாகூர் ஹனீபா என்று ஆசையாக வாங்கி வந்த ஓர் உறைக்குள் எனக்குக் கிடைத்தது சிங்கள பைலா.

3. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை. கடனுக்கு வாங்குவதே இல்லை. பிள்ளைகளின் பால்மா காசில் தட்டு வாங்குபவன் இரசிகன் அல்ல.

4. கேட்பதற்கு வாங்குங்கள். 'சூரியா' லேபிளில் வந்த நம் நாட்டு 45 தட்டுகளுக்கு இன்று நல்ல கிராக்கி. அதற்காக, போட்டுக் கேட்கவே மாட்டேன் என்று தெரிந்த தட்டை அலுமாரியில் அடைக்க வேண்டுமா?

5. நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டால் வினைல் வளைந்துவிடும். 78 தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கெட்டுப்போகும், கைதவறினால் பீங்கான்போல உடையும்.

6. இதுதான் நான் பிந்திப் படித்தது. மூன்று வருடத்துக்கு முன், பக்கத்து ஊரில் ஒரு காக்கா மௌத்தாகிப் போனார். இத்தா முடிந்த கையோடு, அவர் மனைவி ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் முப்பத்தொரு தட்டுகள். "நீங்க பார்த்துத் தாங்க, சேர்" என்றார். 1,500 ரூபாய் கொடுத்தேன். பெட்டியைத் திறந்ததுமே எனக்குப் பெறுமதி தெரியும். வாயைத் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன், வழியில் ஒரு 78 உடைந்தது.

மூன்று மாதம் தூக்கம் சரியில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு 'நேர்மை' பாடம் எடுக்கும்போது கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றேன். கடைசியில் மிச்சக் காசை எடுத்துக்கொண்டு போனேன். ராத்தா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "சல்லி வந்திச்சி, சரி. அண்டைக்கே செல்லியிருக்கலாமே சேர், உங்கள நம்பித்தானே கூப்பிட்ட" என்றார். பிறகு, கலியாணம் முடித்த புதிதில் காக்கா வாங்கி வந்த ஒரு தட்டை மட்டும் திருப்பிக் கேட்டார். சிவப்பு லேபிள், ஓரத்தில் பேனையால் அவர் பெயர் எழுதியது என்று அடையாளம் சொன்னார்.

உடைந்தது அதுதான்.

இரண்டு துண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பெறுமதியைச் சொல்கிறேன். அடுத்ததாக, "இதில் நீங்கள் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது எது?" என்று கேட்கிறேன். அதை அவர்கள் எடுத்து வைத்த பிறகுதான் விலை பேச்சு. சிலவேளை நல்ல தட்டு கைநழுவிப் போகிறது. போகட்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முதல் ஒரு தரம் திறந்து பாருங்கள். விற்கச் சொல்லவில்லை. யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.